கறுப்பின் சாட்சிகள்: நிறமிப் புரதங்களும் எதிர்ப்பொருள்களும்

அறிவியல் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மனிதர்களைப் பற்றி எழுதுகிறார்கள். இன்னும் கொஞ்சம் பொறுமை உள்ளவர்கள் கருவிகளைப் பற்றியும் எழுதுகிறார்கள். நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்கும் நல்ல வரலாறுகள் உண்டு. ஆய்வகக் குளிர்பதனப் பெட்டியில் விரற்கடை உயரக் குப்பிகளில் உறைந்து கிடக்கும் துளிகளுக்கு வரலாறு எழுத ஆளில்லை. ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் அவற்றுக்குக் கிடைப்பது ஒரு பெயர், ஓர் எண், அதிகம் போனால் அனுப்பிவைத்தவருக்கு ஒரு நன்றி. ஆனால் அந்தக் கட்டுரையின் முடிவு முழுவதும் அந்தத் துளியை நம்பித்தான் நிற்கிறது.

மெலனோமா என்னும் தோல் நிறமிப் புற்றுநோயை அடையாளம் காணப் பயன்படும் எதிர்ப்பொருள்களின் கதை அத்தகைய ஒன்று. 'ஆன்டிபாடி' என்பதற்குத் தமிழகப் பாடநூல்கள் 'எதிர்ப்பொருள்' என்கின்றன. 'பிறபொருளெதிரி' என்ற சொல்லும் வழங்குகிறது. பின்னது பொருள் நயம் உள்ள சொல்தான். ஆனால் இக்கட்டுரையில் பேசப்போகும் எதிர்ப்பொருள்கள் சில நோயாளியின் சொந்தப் புரதத்தையே எதிர்ப்பவை என்பதால், முன்னதையே கையாளுகிறேன்.

நோய் பழையது, பெயர் அவ்வளவு பழையதன்று. 1787இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், ஒருவரின் தாடைக்குப் பின்னால் மீண்டும் வளர்ந்த கட்டியொன்றை அகற்றிச் சாராயத்தில் இட்டுவைத்தார். அது இன்னதென்று அவருக்குத் தெரியவில்லை. அக்கட்டி அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு, 1968இல் நுண்ணோக்கியின் கீழ் ஆராயப்பட்டபோது மெலனோமா என்று உறுதியானது. இதற்கிடையில் 1806இல், பின்னாளில் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னக், உடலுக்குள் பரவும் கரிய கட்டிகளை ஒரு தனி நோயாக விவரித்து, கறுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்தார். 1838இல் ராபர்ட் கார்ஸ்வெல் 'மெலனோமா' என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார்.

பெயரிலேயே கறுப்பு இருந்ததால் வந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. கரியதெல்லாம் மெலனோமா அன்று; மெலனோமா எல்லாம் கரியதும் அன்று. இறந்த நிறமிச் செல்களின் துகள்களை விழுங்கிய துப்புரவுச் செல்கள், நுண்ணோக்கியில் பார்த்தால் கன்னங்கரேலென்று இருக்கும், அவை குற்றமற்றவை. மறுபுறம், நிறமி செய்வதையே மறந்துவிட்ட மெலனோமாக்கள் உண்டு. அவை வெளிறிய இளஞ்சிவப்பாக வளர்ந்து, கண்டவரை ஏய்க்கும். நுண்ணோக்கியின் கீழும் நிணநீர்ப் புற்றைப் போல, எலும்புத் தசைப் புற்றைப் போல, நரம்புறைக் கட்டியைப் போலப் பல வேடங்கள் புனையும். நோய்க்குறியியல் மருத்துவர்கள் இதை மாபெரும் பகல்வேடக்காரன் என்று கருதுவது வெறும் அலங்காரப் பேச்சன்று. ஒருவரது நிணநீர்க் கணுவில் வேற்றுச் செல்கள் தென்படுகின்றன. அவை எங்கிருந்து வந்தவை என்பது தெரியாவிட்டால் எந்த மருந்தைக் கொடுப்பது?

ஆகவே நிறமியைத் தேடுவதற்குப் பதிலாக நிறமி செய்யும் தொழிலைத் தேடலாம் என்ற எண்ணம் பிறந்தது. 1895இல் பிரான்சில் பூர்க்லோவும் பெர்த்ராவும் காளானில் டைரோசினேஸ் என்னும் நொதியைக் கண்டிருந்தார்கள். வெட்டிய காளான் கறுத்துப்போவது அதனால்தான். 1917இல் சுவிட்சர்லாந்துத் தோல் மருத்துவர் புரூனோ பிளாக், தோலின் மெல்லிய சீவலை 'டோபா' என்னும் வேதிப்பொருளின் கரைசலில் ஊறவைத்தார். நிறமி செய்யவல்ல செல்கள் மட்டும் கறுத்தன. அழகான சோதனை. ஆனால் அதற்கு நொதி உயிர்ப்போடு இருக்க வேண்டும். மருத்துவமனைகளில் திசுவை ஃபார்மலினில் ஊறவைத்துப் பாரஃபின் மெழுகில் புதைப்பதே வழக்கம். அந்தப் பாடுபட்ட நொதி பெரும்பாலும் வேலை செய்வதில்லை. வெள்ளி உப்பால் நிறமியைக் கறுக்கச் செய்யும் மாஸன்–ஃபொன்டானா முறையும் இருந்தது. அது வெள்ளியைக் குறைக்கவல்ல வேறு பொருள்களையும் சேர்த்துக் காட்டிவிடும். நிறமியே இல்லாத மெலனோமாவில் எதையும் காட்டாது.

தேவைப்பட்டது வேறொன்று: நொதி செத்திருந்தாலும், நிறமி இல்லாவிட்டாலும், அந்தப் புரதத்தின் உருவத்தை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் ஒரு பொருள்.

*

அத்தகைய பொருள் நம் குருதியிலேயே இருக்கிறது என்பது 1890இல் பேரிங்கும் கிட்டசாட்டோவும் நச்சுமுறிக்கும் சீரத்தைக் கண்டதிலிருந்து தெரிந்ததுதான். ஒரு முயலுக்கோ குதிரைக்கோ அன்னியப் பொருளை ஊசியால் செலுத்தினால், சில வாரங்களில் அதைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருள் அதன் குருதியில் தோன்றும். அதைக் கண்ணுக்குப் புலப்படச் செய்தவர் ஆல்பர்ட் கூன்ஸ். 1940களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் அவர் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைப் பிணைத்தார். திசுவின் மேல் ஊற்றிக் கழுவினால், எங்கே பற்றியதோ அங்கே மட்டும் பச்சையாக ஒளிரும். 1966இல் நக்கானேயும் பியர்ஸும் சாயத்துக்குப் பதில் ஒரு நொதியைப் பிணைத்தார்கள். அந்த நொதி நிறமற்ற கரைசலொன்றைப் பழுப்பாக மாற்றும். சாதாரண நுண்ணோக்கியே போதும். பழுப்பும் நாளாக மங்காது.

உலகெங்கும் இன்றும் பெரிதும் கையாளப்படுவது இந்தப் பழுப்புத்தான். இதில் ஒரு விசித்திரம் உண்டு. மெலனினும் பழுப்பு, சாயமும் பழுப்பு. நிறமி நிரம்பிய மெலனோமாவில் பழுப்பைக் கண்டால் அது எதிர்ப்பொருளின் சாட்சியமா, நோயின் சொந்த நிறமா என்று சொல்ல முடியாது. இதற்காகச் சில ஆய்வகங்கள் செந்நிறச் சாயத்தைப் பயன்படுத்துகின்றன. சில, முதலில் மெலனினை வெளுத்துவிடுகின்றன. வேறு சில, பின்புலச் சாயத்தை மாற்றி மெலனினைப் பச்சை கலந்த நீலமாக்கிவிட்டு, மிச்சப் பழுப்பை எதிர்ப்பொருளின் கணக்கில் எழுதுகின்றன. பாடநூல்களில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கும். ஆனால் நாள்தோறும் கண்ணாடிச் சில்லுகளைப் பார்க்கிறவருக்கு இது சின்ன விஷயமன்று.

முயலின் சீரத்தில் இன்னொரு குறை. அதில் இருப்பது ஓர் எதிர்ப்பொருள் அன்று, ஆயிரக்கணக்கானவற்றின் கூட்டம். ஒவ்வொரு முயலும் ஒவ்வொரு விதமாக எதிர்வினை புரியும். முயல் செத்தால் அந்தச் சீரமும் அதோடு முடிந்தது. எதிர்ப்பொருள் சுரக்கும் செல்லைத் தனியே பிரித்து வளர்க்கலாமென்றால், ஆய்வகத் தட்டில் அது சில நாட்களுக்கு மேல் தங்காது.

1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் செசார் மில்ஸ்டைனும் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். எதிர்ப்பொருள் சுரக்கும் சுண்டெலி மண்ணீரல் செல்லைச் சாகாவரம் பெற்ற மைலோமாப் புற்றுச் செல்லோடு ஒன்றாக்கினார்கள். பிறந்த கலப்புச் செல்லுக்குத் தாயின் தொழிலும் தந்தையின் ஆயுளும் இருந்தன. அதை ஒற்றைச் செல்லாகப் பிரித்து வளர்த்தால், அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் ஒரே எதிர்ப்பொருளைச் சுரக்கும். 1984இல் நீல்ஸ் யெர்னவோடு அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிரிட்டன் அரசு அமைப்புகள் இதற்குக் காப்புரிமை பெறவில்லை என்பதும், மில்ஸ்டைன் கேட்டவர்க்கெல்லாம் செல்களை அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதும் பின்னாளில் பெரிய அரசியல் விவாதமாயின. பெற்றுக்கொண்டவர்களில் ஒருவர் ஃபிலடெல்ஃபியா விஸ்டார் நிறுவனத்தின் ஹிலரி கொப்ரோவ்ஸ்கி. 1978இல் அவரது குழு மனித மெலனோமாவுக்கு எதிரான ஒற்றைவழி எதிர்ப்பொருள்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. அடுத்த ஈராண்டுகளில் கட்டிகளுக்கும் வைரஸ்களுக்கும் எதிரான இத்தகைய எதிர்ப்பொருள்களுக்கு அந்நிறுவனம் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது. கொடுத்தவர் பெறாததைப் பெற்றவர் பெற்றுக்கொண்டார். சட்டப்படி இதில் குற்றம் சொல்ல முடியாது; இருந்தாலும் உறுத்துகிறது.

*

அக்காலத்தில் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே தேடினார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. மெலனோமாவை அரைத்துச் சுண்டெலிக்குச் செலுத்து; கிடைக்கும் நூற்றுக்கணக்கான கலப்புச் செல்களில் எது மெலனோமாவை மட்டும் பற்றுகிறது என்று பார்; மிச்சத்தைக் கொட்டு. இதுவே முறை. சியாட்டிலில் ஆலன் கௌனின் குழு, நிணநீர்க் கணுவுக்குப் பரவிய கரிய மெலனோமாவின் சாற்றைக் கொண்டு இவ்வாறு உருவாக்கியவற்றுள் ஒன்றுதான் 1986இல் அறிவிக்கப்பட்ட எச்.எம்.பி.-45. 'மனித மெலனோமாக் கறுப்பு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. ஃபார்மலினில் ஊறிய திசுவிலேயே அது வேலை செய்தது என்பதால் மருத்துவமனைகள் அதை உடனே வரித்துக்கொண்டன.

அதற்கு முன்பே எஸ்-100 என்ற புரதத்துக்கு எதிரான சீரம் புழக்கத்தில் இருந்தது. அதன் கதை சுவையானது. 1965இல் மூர் என்பவர் மாட்டின் மூளையிலிருந்து பிரித்தெடுத்த புரதம் அது. அம்மோனியம் சல்ஃபேட் நூறு விழுக்காடு நிறைவுற்ற கரைசலிலும் கரைந்தே நின்றதால் அந்தப் பெயர். 1980இல் அதே புரதம் மெலனோமாச் செல்களில் இருப்பது தெரியவந்தது. மூளைப் புரதத்துக்குத் தோலில் என்ன வேலை? கருவியலாளர்களுக்கு இதில் வியப்பில்லை. கரு வளரும்போது முதுகோரத்தில் நரம்புக் குழாய் மூடும் இடத்தில் 'நரம்பு முகடு' என்றொரு செல் கூட்டம் தோன்றுகிறது; அதிலிருந்து புறப்பட்டு நெடுந்தொலைவு நடந்து தோலுக்கு வந்து குடியேறியவையே நிறமிச் செல்கள். புலம்பெயர்ந்தவர் வீட்டில் பழைய ஊரின் பாத்திரம் ஒன்று இருப்பதைப் போல எஸ்-100 அவற்றிடம் இருந்தது. ஆனால் நரம்புறைச் செல்லிடமும், கொழுப்புச் செல்லிடமும், நிணநீர்க் கணுவில் இயல்பாகவே உறையும் சில செல்களிடமும்கூட அது உண்டு. எஸ்-100 மெலனோமாவைத் தவறவிடுவது அரிது. ஆனால் வேறு பலரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வரும். எச்.எம்.பி.-45 பிடித்தால் பெரும்பாலும் சரியான ஆள். ஆனால் நாரிழை மிகுந்த டெஸ்மோபிளாஸ்டிக் வகை மெலனோமாவில் அது பெரும்பாலும் மௌனம் சாதிக்கும். இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்ற வழக்கம் இப்படி உருவானது.

எச்.எம்.பி.-45 எதைப் பற்றுகிறது என்பது அதை நம்பி நோயறிந்த எவருக்கும் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் தெரியாது. 1993இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், அதுவும் வேறிரு எதிர்ப்பொருள்களும் ஒரே மரபணுவின் விளைபொருளைப் பற்றுகின்றன என்று காட்டினார்கள். ஜிபி100 என்றும் பிமெல் என்றும் அழைக்கப்படும் அந்தப் புரதம், நிறமி சேரும் நுண்பைகளுக்குள் இழை இழையாகப் பின்னி மெலனின் படிவதற்குக் கொடிக்கயிறாக நிற்பது. எலிகளில் அதன் மரபணு பழுதுபட்டால் முடி வெள்ளியாக நரைக்கும். சில நாய்களின் புள்ளி மயக்கமான மேனியும், சில குதிரைகளின் வெள்ளிப் பிடரியும், வெள்ளைக் கோழி இனங்கள் சிலவற்றின் வெண்மையும் அதே மரபணுவின் மாறுபாடுகளே. 2006இல் இன்னொன்று தெரிந்தது: பிமெல்லின் இழைகள், அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு இழைகளின் கட்டமைப்பையே கொண்டவை. அங்கே நோய், இங்கே அன்றாடத் தொழில்.

1991இல் இந்த எதிர்ப்பொருளுக்கு ஒரு சோதனை வந்தது. மார்பகப் புற்று உள்ளிட்ட வேறு புற்றுகளையும், இயல்பான மேற்றோல் வகைத் திசுக்களையும்கூட எச்.எம்.பி.-45 காட்டுகிறது என்று செய்திகள் வரத் தொடங்கின. உண்மையானால் அதன் மதிப்பு அவ்வளவுதான். இத்தாலிய ஆய்வாளர்களும் அதை உருவாக்கிய கௌனும் சேர்ந்து ஆராய்ந்தபோது குறை எதிர்ப்பொருளில் இல்லை, அது வந்த நீரில் இருந்தது என்று தெரிந்தது. கலப்புச் செல்லைச் சுண்டெலியின் வயிற்றுக்குள் வளர்த்து, அங்கே ஊறும் நீரை எடுத்துக் குப்பியில் அடைப்பது அன்றைய வழக்கம். அந்த நீரில் எலியின் சொந்த எதிர்ப்பொருள்களும் கலந்திருந்தன. தவறாகப் பற்றியவை அவைதான். தட்டில் வளர்த்த செல்லின் தூய சுரப்பைக் கொண்டு செய்தபோது பொய்ப் பழுப்பு மறைந்தது.

*

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி ஆய்வகத்தின் மூலையில் நடந்தது.

எலிகளின் நிறத்தை வைத்து மரபியல் கற்ற காலம் ஒன்று உண்டு. டிபிஏ என்னும் எலிக்குலம், உட்கலப்பு செய்யப்பட்ட எலிக்குலங்களில் மிகப் பழையது; 1909இல் தொடங்கியது. அதன் பெயரே அதன் மேனி நிறத்தின் மூன்று மரபணுக்களின் முதலெழுத்துகள்தாம். வெண்மை, பழுப்பு, கற்பலகைச் சாம்பல், வெள்ளி என ஒவ்வொரு நிறப் பிறழ்வுக்கும் ஒரு பெயர் இருந்தது. எந்தப் பெயருக்கு எந்தப் புரதம் என்பது மட்டும் எண்பதுகள் வரை தெரியாது.

1986இல் ஷிபஹரா குழு, டைரோசினேஸின் மரபணுவைப் பிடித்துவிட்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டு குவானின் குழு வேறொரு மரபணுவைக் காட்டி, இதுதான் டைரோசினேஸ், இது வெண்மைப் பிறழ்வின் இடத்தில் இருக்கிறது என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய சாயல்; ஆனால் ஒன்றல்ல. 1988இல் இயன் ஜாக்சன், ஷிபஹராவின் மரபணு பழுப்புப் பிறழ்வின் இடத்தில் அமர்ந்திருப்பதைக் காட்டினார். ஆகவே அது டைரோசினேஸ் அன்று, அதன் உடன்பிறப்பு. மூன்றாவது உடன்பிறப்பு ஒன்றும் 1992இல் வெளிப்பட்டது. அது கற்பலகை நிறப் பிறழ்வுக்கு உரியது.

சாயல் ஒத்த உடன்பிறப்புகள் என்றால், ஒன்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் மற்றதையும் பற்றும். அதுவரை டைரோசினேஸுக்கு எதிரானது என்று பயன்பட்ட சீரங்கள் உண்மையில் எதைப் பற்றின என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வின்சென்ட் ஹியரிங்கின் குழு செய்தது எளிய காரியம். ஆனால் தெளிவான காரியம். மூன்று புரதங்களின் வால்முனைகள் மட்டும் ஒன்றுக்கொன்று நன்கு வேறுபடுகின்றன. அந்த வால்களின் சிறு துண்டுகளை வேதியியல் முறையில் செய்து, தனித்தனியே முயல்களுக்குச் செலுத்தினார்கள். வந்த சீரங்களில் எது உயிருள்ள நொதியைப் பிடித்திழுக்கிறது என்று பார்த்து, 1989இல் உண்மையான டைரோசினேஸ் எது என்பதை உறுதி செய்தார்கள். ஆல்ஃபா-பெப்7 டைரோசினேஸுக்கு, ஆல்ஃபா-பெப்1 பழுப்புப் புரதத்துக்கு, ஆல்ஃபா-பெப்8 மூன்றாவதற்கு, பின்னர் ஆல்ஃபா-பெப்13 வெள்ளிப் புரதத்துக்கு என்று அவை பெயர் பெற்றன. ஹியரிங் அவற்றைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். நிறமிச் செல் பற்றிய அந்த இருபது ஆண்டுக் கட்டுரைகளைப் புரட்டினால், நன்றியுரையில் அவர் பெயர் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். ஒரு துறை முழுவதும் ஒரே அளவுகோலால் அளக்க முடிந்தது என்றால் அதற்கு இந்த முயல்களுக்கும் பங்குண்டு.

பழுப்புப் புரதத்துக்கு இன்னொரு வாசலும் இருந்தது. நியூயார்க்கில் லாய்ட் ஓல்டின் குழு, எலியை விட்டு நோயாளியிடமே தொடங்கியது. மெலனோமா நோயாளி ஒருவரின் குருதிச் சீரம், அவரது கட்டியின் புரதம் ஒன்றைப் பற்றுவதை 1983இல் கண்டார்கள். எடையை வைத்து அதற்கு ஜிபி75 என்று பெயர். 1985இல் அதே புரதத்துக்கு டிஏ99 என்ற எலி எதிர்ப்பொருளை உருவாக்கினார்கள். 1990இல் விஜயசாரதி, பூஷார், ஹௌட்டன் மூவரும் ஜிபி75 என்பது எலியின் பழுப்பு மரபணுவுக்கு இணையான மனிதப் புரதமே என்று நிறுவினார்கள். எலி வளர்ப்பவர்கள் நிறத்துக்காகப் பேணிய ஒரு மரபணு, ஒரு மனிதர் தன் நோயோடு போராடிய தடயமாகத் திரும்பி வந்தது. 1995இல் டிஏ99ஐக் கரிய எலிகளுக்குச் செலுத்தினார்கள். அவற்றின் நுரையீரலில் மெலனோமா பரவுவது குறைந்தது. கூடவே அவற்றின் கரிய மேனியில் வெண்திட்டுகள் தோன்றின. கட்டியை அடிக்கும் கை, உடலின் சொந்த நிறமிச் செல்லையும் அடிக்கிறது. வெண்புள்ளி நோய்க்கும் மெலனோமாவுக்கும் இடையிலான உறவு இன்றும் ஆராயப்படுகிறது.

மெலன்-ஏ என்னும் புரதத்தையும் நோயாளிகளின் உடலே காட்டிக்கொடுத்தது. இம்முறை எதிர்ப்பொருளால் அன்று, டி செல்களால். 1994இல் பிரசல்ஸும் பெதெஸ்டாவும் தனித்தனியே அதைக் கண்டுபிடித்து ஆளுக்கொரு பெயர் வைத்தன. மற்றது மார்ட்-1. இன்றும் அறிக்கைகளில் இரண்டு பெயர்களும் சாய்கோட்டுக்கு இருபுறமும் வாழ்கின்றன. 1996இல் வந்த ஏ103 என்ற எதிர்ப்பொருள் நல்ல பேர் வாங்கியது. இரண்டே ஆண்டில், அட்ரீனல் புறணிக் கட்டிகளையும் அது பற்றுகிறது என்று தெரிந்தது. அங்கே மெலன்-ஏ கிடையாது. வேறெதையோ அதுவென்று மயங்குகிறது. அதே புரதத்துக்கு எதிரான வேறோர் எதிர்ப்பொருளுக்கு இந்த மயக்கம் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த மயக்கமே பயனாயிற்று: அட்ரீனல் கட்டியை அடையாளம் காண ஏ103ஐ இன்றும் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள்.

*

இவையெல்லாம் ஆய்வகப் பூசல்கள்தானே என்று தோன்றலாம். ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்.

1976இல் டெக்சாஸில், மார்பகப் புற்றுநோய் கண்ட 31 வயதுப் பெண்ணின் நுரையீரல் உறை நீரிலிருந்து எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசையை வளர்த்தெடுத்தார்கள். எலிக்குள் செலுத்தினால் பிற உறுப்புகளுக்கு நன்கு பரவும் என்பதால், மார்பகப் புற்று எப்படிப் பரவுகிறது என்பதை ஆராய உலகெங்கும் அதையே பயன்படுத்தினார்கள். 2000இல் மரபணுச் செயல்பாட்டை ஒப்பிட்டவர்கள், இது மெலனோமாக்களின் வரிசையில் போய் அமர்கிறதே என்று துணுக்குற்றார்கள். பின்னர் எதிர்ப்பொருள்களால் சோதித்தபோது நிறமிச் செல்லுக்கே உரிய புரதங்கள் அதில் இருப்பது தெரிந்தது.

சாட்சி தெளிவாகத்தான் பேசியது. கேட்டவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு தரப்பு, இது மார்பகச் செல்லே அன்று என்றது. மற்றொரு தரப்பு, இது மார்பகப் புற்றுத்தான், தன் குலவழக்கத்தை மீறி நிறமிப் புரதங்களைச் செய்கிறது என்றது. 2004இல் ஒரு கட்டுரை தலைப்பிலேயே அப்படி வாதிட்டது. இரு தரப்பும் கண்டது ஒரே பழுப்பைத்தான். இந்தச் செல்லில் இந்தப் புரதம் இருக்கிறது என்று மட்டுமே எதிர்ப்பொருளால் சொல்ல முடியும். ஏன் இருக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. 2007இல் மரபணுப் பரிசோதனைகள், அதுவும் எம்14 என்ற மெலனோமாச் செல் வரிசையும் ஒருவரிடமிருந்தே வந்தவை என்று காட்டின. எங்கோ, எப்போதோ, ஓர் ஆய்வகத் தட்டில் செல் மாறியிருந்தது. அதற்குள் மார்பகப் புற்றின் பெயரில் வந்துவிட்ட கட்டுரைகள் நூற்றுக்கணக்கில். அவற்றைத் திரும்பப் பெற்றவர்கள் மிகச் சிலரே. மார்பகப் புற்றுநோயாளிகளுக்கென்று செலவிட்ட ஆண்டுகளின் ஒரு பகுதி வேறொரு நோய்க்குச் செலவாகியிருந்தது.

நோயாளியின் படுக்கைக்கு இன்னும் நெருக்கமான கேள்வியும் உண்டு. எண்பதுகளில் கலிஃபோர்னியாவில் காக்ரனும் மார்ட்டனும், வழக்கமான சாயத்தில் தூய்மையாகத் தெரிந்த நிணநீர்க் கணுக்களை எஸ்-100க்கு எதிரான சீரத்தால் மீண்டும் பார்த்தார்கள். சிலரது கணுக்களில் ஒன்றிரண்டு மெலனோமாச் செல்கள் ஒளிந்திருந்தன. 1992இல் மார்ட்டன், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் காவற்கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறையை வெளியிட்டார். அந்தச் சிறு கணுவை அணு அணுவாகத் துழாவுவதற்கு எதிர்ப்பொருள்கள் இன்றியமையாதவையாயின. ஆனால் கணுவின் உறையில் சில வேளை தீங்கற்ற மச்சச் செல்களும் குடியிருக்கும். அவையும் எஸ்-100க்கும் மெலன்-ஏவுக்கும் கை தூக்கும், எச்.எம்.பி.-45க்குப் பெரும்பாலும் தூக்குவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் பழுப்பைக் கண்டதும் புற்று என்று எழுதினால், நலமாக உள்ளவர் அறுவை மேசைக்குப் போவார். கணுவில் புற்று உண்மையாகவே இருந்தாலும் மிச்சக் கணுக்களை எல்லாம் உடனே களைய வேண்டுமா? அப்படிக் களைவதால் மெலனோமாவால் இறப்பது குறையவில்லை என்று 2017இல் ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. அதுவரை எத்தனையோ பேர் கைகால் வீக்கத்தோடு வாழ நேர்ந்தது.

நம்மைப் போன்ற கரிய தோலினரிடையே மெலனோமா அரிது. வரும்போது வெயில் படாத உள்ளங்காலிலும் நகக்கண்ணிலும் வருவதே மிகுதி. முள் குத்திய புண் என்று நாளைக் கடத்திவிட்டு, பரவிய பின்னரே மருத்துவரிடம் போகிறவர்கள் உண்டு. அந்நிலையில் நோயின் பெயரைச் சொல்வது பெரும்பாலும் இந்தக் குப்பிகள்தாம்.

அண்மைக் காலத்தின் கதையை விரைவாகக் கடக்கலாம். 1999இல் மிட்ஃப் என்னும் ஆணைப்புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் வந்தது. அதன்பின் சாக்ஸ்-10 வந்து, எஸ்-100இன் இடத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டது. நாரிழை வகை மெலனோமாவும் அதற்குத் தப்புவதில்லை. 2018 முதல், மச்சத்தையும் மெலனோமாவையும் பிரித்தறியப் பிரேம் என்ற புரதத்தைப் பார்க்கிறார்கள். இவையனைத்துக்கும் விதிவிலக்குகள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டன, அல்லது கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன.

ஒற்றைவழி எதிர்ப்பொருள் என்ற பெயரிலும் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. 2018இல் பல ஆய்வகங்கள் சேர்ந்து 185 கலப்புச் செல் வரிசைகளை ஆராய்ந்தன. அவற்றில் 59, அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒன்று, தமக்குரிய சங்கிலியோடு வேறு சங்கிலிகளையும் சுரந்துகொண்டிருந்தன. ஒன்றே என்று நம்பி வாங்கிய குப்பியில் ஒன்றரை இருந்திருக்கிறது. எதிர்ப்பொருளின் மரபணு வரிசையை எழுதிவைத்து, வேண்டும்போதெல்லாம் அதிலிருந்தே செய்துகொள்வதுதான் இதற்கு மாற்று என்கிறார்கள். முயலும் வேண்டாம், எலியும் வேண்டாம். பழைய குப்பிகளைக் கொண்டு எழுதிய அறிக்கைகளோ கோப்புகளில் இருக்கின்றன. அந்தக் கண்ணாடிச் சில்லுகளும் பல மருத்துவமனைகளின் மர அலமாரிகளில், பழுப்பு மங்காமல் இருக்கின்றன.